சனிக்கிழமைச் சொற்கள்

மல்லாவிச் சங்கக் கட்டடத்தில
உரமூட்டை அடுக்கிற அறையில வகுப்பு.
யூரியா வாசம் மட்டும் இருக்கு, யூரியா இல்லை.
இந்தக் கிழமைப் பாடம்:
நிச்சயமில்லாத பொருளாதாரத்தைப் பற்றி
இங்கிலிஷில கதைப்பது எப்படி.

டினோஜா ரீச்சருக்கு இருபத்திநாலு வயது.
எனக்கு நாற்பத்தொன்று,
நூற்றிருபது முட்டைக்கோழி, ஒரு மகன், இரண்டு கடன்.

'வொலடைல்' எண்டு பலகையில எழுதினா.
பள்ளிக்கூடத்து விஞ்ஞானம் ஞாபகம் வந்தது:
மூடியைத் திறந்து வைச்சால்
போத்தலில ஒண்டும் மிஞ்சாது.
விலைக்கும் அதே சொல்லாம்.
'விலை எங்க ரீச்சர் ஆவியாகுது,
சம்பளமெல்லோ ஆவியாகுது'
எண்டார், மில்லில கணக்கெழுதுற யோகபாலன்.
ரீச்சர் கொஞ்சம் யோசிச்சு
'அதுக்கும் பாவிக்கலாம்' எண்டா.

'ஹெட்ஜ்' எண்டால் வேலி.
எங்களுக்குத் தெரிஞ்ச வேலி இரண்டு:
கதியால் போட்டது, யானைக்குக் கரண்ட் விட்டது.
காசுக்கும் வேலி அடைக்கலாமாம்.
என்ன கதியால் எண்டு கேட்டன்.
'டைவர்சிஃபை' எண்டு
இன்னொரு சொல்லைப் பக்கத்தில நட்டா.

பிறகு,
மழை நாளுக்கெண்டு காசு சேர்க்கிறது.
வகுப்பே சிரிச்சது.
மழை பெய்தால் வவுனிக்குளம் நிறையும்,
குளம் நிறைஞ்சால் வாய்க்காலில தண்ணி,
தண்ணி வந்தால் விதைப்பு, கூலி,
கூலி கிடைச்சால் சனம் முட்டை வாங்கும்.
மழை நாளைக்கு ஏன் ரீச்சர் காசு?
புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினா.
வெயிலுக்குச் சேர்க்கிற சொல்
அந்தப் புத்தகத்தில இல்லை.

'சாஃப்ட் லாண்டிங்'.
மேலேயிருந்து மெதுவா வந்து விழுறது எண்டு
சொல்லத் தொடங்கினவ
தையல்கடைச் சுகந்தியின்ர முகத்தைப் பார்த்திட்டு
பலகையை அழிச்சா.

கடைசி அரைமணித்தியாலம் சோடியாகப் பயிற்சி:
ஒருவர் பாங்கு உத்தியோகத்தர், மற்றவர் வாடிக்கையாளர்.
எனக்குச் சோடி கஜரூபன்.
பின்வாங்கில இருக்கிறவன்.
செவ்வாய்க்கிழமைகளில எங்கட படலையில நிண்டு
கோழிக்கூட்டைப் பார்க்காத மாதிரிப் பார்த்து
தவணைக்காசு எண்ணுறவன்.
சனிக்கிழமைகளில என்னட்டப் பேனை வாங்குவான்.
வட்டி கேட்டதில்லை நான்.

ரீச்சருக்கு இது ஒண்டும் தெரியாது.
என்னை உத்தியோகத்தர் ஆக்கினா.

கொப்பியைப் பார்க்காமலே அவன் சொன்னான்,
இந்த மாதம் கட்ட ஏலாது,
இன்னும் கொஞ்சம் அவகாசம் வேணும்.
ஒரு பிழை இல்லை.
இவ்வளவு சரளமா வர எங்க பழகினவன்?
மோட்டார்சைக்கிள் லீசிங்கில எண்டு
பிறகு யோகபாலன் சொன்னார்.

என்ர வசனம் புத்தகத்தில இருந்தது:
'வீ அண்டர்ஸ்டாண்ட் யுவர் சிச்சுவேஷன்.'
நாலு சொல்.
இரண்டாவதில நாக்குத் தடக்கினது.
'திரும்பச் சொல்லுங்கோ அக்கா,
முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கோ' எண்டா ரீச்சர்.
முகத்தைப் பார்த்தன்.
ஷேவ் எடுக்காத, நித்திரையில்லாத முகம்.
இத்தனை செவ்வாயிலயும் நான் பார்த்தது
அவன்ர கையை மட்டும்.

செவ்வாய்.
தீன் மூட்டை திரும்ப ஏறியிட்டுது.
என்ன விலையெண்டு கேட்காதேங்கோ.
படலையடியில எஞ்சினை நிப்பாட்டி
கடைசித் துண்டு தூரம் உருட்டிக்கொண்டு வந்தான்,
பெற்றோல் மிச்சம் பிடிக்க.

'அரைவாசிதான் இருக்கு' எண்டு நீட்டினன்.
சட்டைப்பையில இருந்து என்ர பேனையை எடுத்தான்.
அந்த நாலு சொல் வருமெண்டு நிண்டன்.
வரேல்லை.
ரசீதை எழுதி, கிழிச்சுத் தந்து,
சைக்கிளைத் திருப்பப் போனவன்
திருப்பாமல்,
'முட்டை ஒரு ஆறு தாறீங்களோ அக்கா,
சம்பளம் வந்தோண்ண தாறன்' எண்டான்.

அப்பாடா, இந்த வசனத்துக்கு இங்கிலிஷ் தேவையில்லை.
கடுதாசியில சுத்திக் குடுத்தன்.
சனிக்கிழமைக் கொப்பியை விரிச்சு
'டிஃபோல்ட்' எண்டு எழுதியிருந்ததுக்குக் கீழ
எழுதி வைச்சன்:
கஜரூபன், ஆறு.
ஒண்டு வெடிப்பு, அதுக்குக் கணக்கில்லை.